வல்லரசுகளுக்கு ஆளுக்கொரு அகப்பை

"ரஷ்யரின் தட்டில் ஒரு அகப்பை பருப்பு அதிகம். கவனித்தேன். அமெரிக்கர்."

திரும்பி வந்த வெறும் தட்டில் கிடந்த காகிதத் துண்டில், பெரிய பெரிய டொச் மொழி எழுத்தில் இப்படி இருந்தது. பிளோறன்ஸ் மூன்று தரம் வாசித்தார். மூன்று தரமும் அது மாறவில்லை.

ஜேர்மனியில் கொல்ன் நகருக்கு வெளியே ஒரு கொட்டகைக்குள் பொய்யாக ஒரு விண்கலம். அதற்குள் மெய்யாகவே ஓர் அமெரிக்கரும் ஒரு ரஷ்யரும் நாற்பது நாள் அடைபட்டிருந்தார்கள். தரையில் முகம் பார்க்காத இரண்டு நாடுகள் வானத்தில் ஒரே கூரைக்குள் காலம் தள்ளுமா என்று பார்க்கும் சோதனை. சுவரிலிருந்த சின்னக் கதவு வழியாகச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பது பிளோறன்ஸின் வேலை. இருவருக்கும் கிராம் பிசகாமல் ஒரே அளவு. ஒரு முறைப்பாடு மேலே போனாலும் நிரந்தர வேலை ஒப்பந்தத்தை மறந்துவிடலாம் என்று மேலாளர் குறூகர் அம்மா சொல்லியிருந்தார்.

தராசு சரியாகத்தான் சொன்னது. ஆனால் ஒற்றை அகப்பையோடு ஒருவரை அனுப்பி பிளோறன்ஸின் மன்னார்க் கைக்குப் பழக்கமில்லை. அது தன்பாட்டில் ரஷ்யருக்கு இன்னொன்று ஊற்றிவிட்டது. அமெரிக்கருக்கு ஊற்றப் பானையில் மிச்சமில்லை.

மறுநாள் அமெரிக்கரின் சோற்றுக்கடியில் ஒரு முட்டைப் பொரியலை ஒளித்து அனுப்பினார். பின்னேரம் ரஷ்யரின் துண்டு வந்தது.

"முட்டையின் மணம் எல்லை தாண்டி வந்தது. மேலிடத்துக்கு எழுதுமுன் உங்களுக்குத் தெரிவிக்கிறேன். ரஷ்யர்."

வீட்டில் கணவர் றெக்ஸ் கேட்டார், "இப்ப என்ன செய்யப்போறீர்?"

"ரஷ்யருக்கு ரெண்டு முட்டை வைக்கிறன்."

"அப்ப மற்றவர்?"

"அவருக்கு ரோல்ஸ்."

"ஆயுதப் போட்டி இப்பிடித்தான் துவங்கினது, பிளோறன்ஸ்."

"நிண்டு கதைக்காமல் வெங்காயத்தை உரியுங்கோ."

ரோல்ஸுக்குப் பதிலடியாக மீன் கட்லட். கட்லட்டுக்குப் பதிலடியாக வட்டிலப்பம். இருபதாம் நாள், "அப்பத்தில் அவருக்கு மட்டும் மொறுமொறுப்பான ஓரம்" என்று அமெரிக்கர் எழுதினார். உலக சமாதானத்துக்காக றெக்ஸ் லீவு போட்டு அப்பம் சுட்டார்.

நாற்பதாம் நாள் கதவு திறந்தது. இருவரும் பக்கவாட்டாக வெளியே வந்தார்கள். உடுப்பின் சிப் மேலே ஏறாமல் மார்போடு நின்றுவிட்டது. ஆளுக்கு ஆறு கிலோ கூடியிருந்தது.

குறூகர் அம்மா அறைக்கு அழைத்தார். ரஷ்ய மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும் தமிழ்ப் பெண் கம்சனாவும் அங்கே இருந்தாள். பிளோறன்ஸ் முப்பத்தேழு துண்டுகளையும் மேசையில் பரப்பி, வட்டிலப்பம் வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

குறூகர் அம்மா முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. எடையைக் கெடுத்ததற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் என்றார். ஆனால் இதுவரை உள்ளே போன எந்தச் சோடியும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லையாம். காரணம் சமையல்தான் என்று உளவியலாளர்கள் எழுதிவிட்டார்களாம். ஆகவே நிரந்தர ஒப்பந்தம். இரண்டையும் ஒரே உறையில் போட்டு நீட்டினார்.

பிளோறன்ஸுக்கு உறையை வாங்கவும் மனம் கூசியது. கம்சனாவின் பக்கம் குனிந்தார்.

"என்ன ஒற்றுமை, பிள்ளை? நாப்பது நாளும் ரெண்டும் சாப்பாட்டுக்கு அடிபட்டதுகள். இந்தத் துண்டுகளைப் பாருமன்."

கம்சனா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அந்த ரஷ்யருக்கு டொச்சில ஒரு எழுத்தும் தெரியாது. அவர் பேரில வந்ததெல்லாம் அமெரிக்கர் எழுதிக் குடுத்தது."