மே மாதத்து ரிலீவர்

உலகத்தில் எவன் எந்த மூலையில் என்ன விழா கொண்டாடினாலும், அது ஸ்கெலட்டன் லைன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் தன் வீட்டிலும் கொண்டாடப்படும் என்று ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி தங்கவேலு முடிவு செய்தார். அதுவரைக்கும் மனுஷன் பொங்கலுக்குக்கூட நேரத்தில் எழுந்து குளித்ததில்லை. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னால், மைன்ஸில் ஒட்டிய கிரீஸே இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை என்பார். அப்பேர்ப்பட்டவருக்குத் திடீரென்று உலகத்து விழாக்கள் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் பயம்.

மகள் வாணிக்கு ஓசூரில் தலைப்பிரசவம். மே இருபதாம் தேதி வாக்கில் என்று டாக்டர் நாள் சொல்லியிருந்தார். ரத்தக்கொதிப்பு இருக்கிறது, பஸ்ஸிலும் ரயிலிலும் ஆட்டி எடுத்து அம்மா வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். மருமகன் பிரதாப் தாயில்லாப் பிள்ளை. அதனால் மனைவி கோவிந்தம்மா ஒன்றாம் தேதி ஓசூருக்குக் கிளம்புகிறாள். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆன பிறகுதான் திரும்புவாள். இதை அவள் புருஷனிடம் கேட்கவில்லை. சொன்னாள்.

தங்கவேலு வாசலில் இருந்த இட்லிப் பானையைப் பார்த்தார். பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிற ஜனம் தினமும் விடிகிற நேரத்தில் கோவிந்தம்மாவின் வாசலில் நின்று இட்லி வாங்கிக்கொண்டுதான் ஓடும். மைன்ஸ் மூடின நாளிலிருந்து அந்தக் குடும்பம் நிமிர்ந்து நிற்பது அந்த இட்லிப் பானையின் மேல்தான். அத்தனை நாள் கடையை மூடினால் ஜனம் அடுத்த லைன் வெங்கடம்மாவிடம் போய்விடும், அப்புறம் திரும்பாது. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோவிந்தம்மா சொல்லிப் பார்த்தாள். கேஜ் இறக்கின கை இட்லி இறக்குமா என்று கேட்டுவிட்டு அவர் டீ கேட்டார்.

கேஜ் இறக்கின கை என்பது உண்மைதான். சுரங்கக் குழியான ஷாஃப்ட்டுக்குள் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் கூண்டை, மேலே இன்ஜின் ரூமில் உட்கார்ந்து லீவரைப் பிடித்து ஓட்டிய டிரைவர் அவர். அடுத்த ஷிஃப்ட்டுக்கு மாற்று ஆளாக ரிலீவர் வர வேண்டும். வந்து லாக் புக்கில், சார்ஜ் எடுத்துக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதுவரைக்கும் தலையே போனாலும் டிரைவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. தங்கவேலு வாழ்க்கையில் மதித்த ஒரே சட்டம் இது.

இந்தச் சட்டத்துக்கு ஒரு கதையும் வைத்திருந்தார். தொண்ணூற்றேழில் ஒருநாள் காலை ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு ரிலீவர் மரியகுழந்தை வரவேயில்லை. தங்கவேலு லீவரை விடாமல் உட்கார்ந்திருந்தார். முதலில் பன்னிரண்டு மணி நேரமாக இருந்த கதை, பிள்ளை வளர்வது போல வளர்ந்து இப்போது பதினெட்டு மணி நேரத்தில் நிற்கிறது. அன்றைக்குத்தான் வாணி பிறந்தாள். கோவிந்தம்மா தனியாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், தனியாகவே பெற்றாள்.

இதில் ஒரு ரகசியம் உண்டு. அன்றைக்கு மரியகுழந்தை பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். தங்கவேலு சார்ஜ் கொடுத்துவிட்டு நேராக கிளப்புக்குப் போனார். அங்கே கேரம் ஃபைனல். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் தேடி வரும்போது அவர் சிவப்புக் காய்க்குக் குறி வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்திலும் தோற்றார். ஆடியவர்களும் தேடி வந்தவரும் மைன்ஸ் மூடினதும் ஊர் மாறிப் போய்விட்டதால், இந்த விஷயம் தெரிந்தவர்கள் இனி இரண்டே பேர் என்பது அவர் நம்பிக்கை. இன்னொருவரான மரியகுழந்தை, வராத ரிலீவர் என்ற கெட்ட பேரை இருபத்தெட்டு வருஷமாகச் சுமந்துகொண்டு, தினமும் அதே வாசலில் நாலு இட்லி இலவசமாகச் சாப்பிட்டுப் போகிறார். யாரும் சொல்லாமலே கோவிந்தம்மா அந்த நாலு இட்லியை எடுத்து வைப்பாள். ஏன் எதற்கு என்று கேட்காத பெண்சாதி வாய்த்தது பூர்வ புண்ணியம் என்று தங்கவேலு நினைத்திருந்தார்.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதிதான் வாணி அவர் போனுக்கு ஒரு பட்டியல் அனுப்பினாள். மே மாதத்தில் உலகத்தில் நடக்கிற விசித்திர விழாக்கள். படித்ததும் தங்கவேலுவுக்கு யோசனை பளிச்சென்று வந்தது. வீட்டில் விழா வைத்துக்கொண்டு வீட்டுக்காரி ஊருக்குப் போகலாமா? எந்தப் பெரியவர் ஒத்துக்கொள்வார்? விழாவுக்கு மேல் விழாவாக அடுக்கினால் இருபதாம் தேதி தானாக வந்துவிடும். பிள்ளை பிறந்த பிறகு ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போயிற்று. அவர் பட்டியலை உரக்கப் படித்துக் காட்டினார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டார்.

கோவிந்தம்மா உளுந்து களைந்தபடியே கேட்டாள். நல்லதுதான் என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"விழான்னா மொறையா செய்யணுங்க. ஒவ்வொரு விழாவுக்கும் இன்னா மொறையோ அத நீங்கதான் செய்யணும். செஞ்சீங்கன்னா நான் இருக்கேன்."

இவ்வளவு சுலபமாக மடங்குவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அன்று இரண்டு டீ குடித்தார்.

மே ஒன்று, உழைப்பாளர் தினம். உழைக்கிறவர்களுக்கு லீவு என்று தங்கவேலு அறிவித்தார். இந்த வீட்டில் உழைக்கிறது யார் என்று கோவிந்தம்மா கேட்டாள். பழைய யூனியன்காரரான தங்கவேலுவால் நான் என்று பொய் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அரிசி ஊறவைத்ததும், கிரைண்டரில் மாவு அரைத்ததும், கிரைண்டரைக் கழுவியதும் அவர்தான். எவ்வளவு தண்ணீர், எப்போது உப்பு என்று அவள் பாயில் படுத்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் ஞாயிறு உலகச் சிரிப்பு நாள். சும்மா சிரித்தால் போதும், கை நோகாது என்று தெம்பாக எழுந்தார். சிரிக்கிறதுக்கு ஒரு காரணம் வேண்டாமா என்று கோவிந்தம்மா கரண்டியை அவர் கையில் கொடுத்து இட்லி ஊற்றச் சொன்னாள். முதல் ஈடு கர்நாடகா மேப் மாதிரி வந்தது. இரண்டாவது ஈடு ஆந்திராவையும் சேர்த்துக்கொண்டது. வாசலில் நின்ற ஜனம் சிரித்த சிரிப்பில் விழா பிரமாதமாக நடந்தது. கோவிந்தம்மாவும் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை; அது அவருக்குப் பிடிக்கவுமில்லை. ஐந்தாவது ஈட்டில் இட்லி வட்டத்துக்கு வந்துவிட்டது.

ஆறாம் தேதி பத்தியம் பார்க்காமல் சாப்பிடுகிற நாள். சர்க்கரை வியாதிக்காரரான தங்கவேலுவுக்கு இதைவிடப் பெரிய பண்டிகை இல்லை. ஆட்டுக்கறி வேண்டுமென்றார். ஆகட்டும், ஆனால் பத்தியத்தை மீறுகிறவரே சமைப்பதுதான் நியாயம் என்றாள் அவள். அதோடு காலை வியாபாரத்து சாம்பாரும் சட்னியும் சேர்ந்துகொண்டன. புளி கரைத்து, பருப்பு கடைந்து, தேங்காய் துருவி, கறியும் வேகவைத்து முடித்த தங்கவேலு சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார். கறியை மரியகுழந்தை சாப்பிட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

எட்டாம் தேதி இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் ஒரு ஊரில், ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டே வீடுகளுக்குள் நுழைந்து வெளியே வருவார்களாம். நம்ம மைன்ஸுக்கு வந்த தொரைங்க ஊர்ப்பக்கம் ஆச்சே, அவசியம் செய்ய வேண்டியது என்றாள் கோவிந்தம்மா. வெறுங்கையோடு ஒருத்தர் வீட்டுக்குள் போகக்கூடாது என்று இட்லிப் பார்சல் பையை அவர் தோளில் மாட்டினாள். பதினோரு வீடு ஏறி இறங்கினார். எந்த வீட்டுக்குக் காரச் சட்னி, எந்த வீட்டுப் பல் இல்லாத பெரியவருக்கு இட்லியை சாம்பாரில் ஊறவைத்துத் தர வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம் ஆயிற்று. ஆட மட்டும் தெம்பில்லை.

இருந்தாலும் அவர் கணக்குப்படி ஜெயித்துக்கொண்டிருந்தார். எட்டு நாள் ஓடிவிட்டது. அன்று சாயங்காலம் வாணி போன் செய்தாள். கால் வீங்கியிருக்கிறது, பயமாக இருக்கிறது என்றாள். பேசி முடித்துவிட்டு கோவிந்தம்மா போனைக் கீழே வைத்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அன்னிக்கு வலியில நான் அந்த ஆஸ்பத்திரிக் கதவையே பாத்துக்கினு கெடந்தேங்க. கதவு தொறக்கும்போதெல்லாம் நீங்கன்னு நெனச்சேன். எம்பொண்ணு அப்பிடி ஒரு கதவப் பாத்துக்கினு கெடக்கக் கூடாது."

"அதுக்கு நான் இன்னா பண்றது? ரிலீவர் வரலியே."

கோவிந்தம்மா எழுந்து உள்ளே போனாள். தங்கவேலுவுக்கு நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார், கொஞ்சம் அடங்கியது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரயில் கூட்டம் பாதிதான், மீதி சர்ச்சுக்குப் போகிற கூட்டம். மரியகுழந்தை வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். கோவிந்தம்மா இட்லி எடுத்து வைத்தபடியே, அந்தப் பதினெட்டு மணி நேரத்துக் கதையைச் சொல்லுங்களேன், ஜனங்கள் கேட்கட்டும் என்றாள். அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. தங்கவேலு உச்சி குளிர்ந்துபோனார். லீவரைப் பிடிப்பது போல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கதை அன்றைக்கு இருபது மணி நேரத்தைத் தொட்டது. மரியகுழந்தை வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரிலீவர் வந்து கையெழுத்துப் போடாம எடத்த வுட்டு நவுந்தவன் டிரைவரே இல்ல" என்று முடித்தார்.

ஜனம் தலையாட்டியது. கோவிந்தம்மா லாக் புக் மாதிரி ஒரு நீள நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். தேதி, மணி எல்லாம் எழுதியிருந்தது. மாவு ஒரு டிரம், கேஸ் முழுசு, சட்னி அரைத்தாயிற்று. மரியகுழந்தை அண்ணனுக்கு நாலு இட்லி, காசு கேட்கக் கூடாது. சார்ஜ் கொடுத்தவர் கோவிந்தம்மா. சார்ஜ் எடுத்தவர் என்ற இடம் காலியாக இருந்தது. கண் படித்து முடிக்கும் முன்னால் பழகின கை கையெழுத்துப் போட்டுவிட்டது. பக்கத்தில் மணியைக்கூடக் குறித்தது.

அவள் இடுப்பில் செருகியிருந்த கைத்துணியை உருவி அவர் தோளில் போட்டாள். அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து பெரிய பையை எடுத்தாள். தங்கவேலுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னா கோவிந்தம்மா இது? இன்னிக்கு இன்னா விழா?"

"நீங்க படிக்காம வுட்டீங்களே, அந்த விழா. அம்மாங்க நாள்."

"அப்ப இத யாரு பாக்கறது?"

"கையெழுத்துப் போட்டவருதான். மாவு, ஈடு, சாம்பாரு, பார்சலு, எல்லாம் கத்துக்கினீங்க இல்ல. ரிலீவர் வர்ற வரிக்கும் எடத்த வுட்டு நவுராதீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. தங்கவேலு பின்னாலேயே ஓட ஒரு காலை எடுத்து வைத்தார். டிரைவர் சார், லீவரை விட்டுட்டுப் போறீங்களே என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். எடுத்து வைத்த கால் திரும்பி அடுப்படிக்கு வந்தது. பட்டியலை அனுப்பியதே வாணிதான் என்பது இரண்டாவது ஈடு இறக்கும்போது ஞாபகம் வந்து, ஆவியில் கையைச் சுட்டுக்கொண்டார்.

பத்தொன்பதாம் தேதி வாணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறைக் கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் அங்கே கோவிந்தம்மா நின்றாள் என்று பிரதாப் போனில் சொன்னான். தங்கவேலு அந்த நேரத்தில் எண்பதாவது இட்லியை இறக்கிக்கொண்டிருந்தார். பேத்தி முகத்தைப் போட்டோவில்தான் பார்த்தார். ஒருநாள் கடையை மூடிவிட்டுப் போகலாம் என்று ஆசை வரும். வாசலில் நிற்கிறவர்களைப் பார்ப்பார், தானே சொன்ன கதை ஞாபகம் வரும், மாவு ஊற்றுவார். அந்தக் கதையை அவர் அதற்கப்புறம் யாருக்கும் சொல்லவில்லை. ராத்திரி படுத்தால் அந்த ஆஸ்பத்திரிக் கதவுதான் கண்ணுக்குள் வரும். ஒருத்தியைத் தனியே விட்டுவிட்டு அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறோம் என்று ஜூலை மாத வாக்கில் அவருக்கே வெட்கமாக இருந்தது. அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்டில் மூன்று மாதம் முடிந்தது. நாலு நாள் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள், மரியகுழந்தைக்கு நாலு இட்லி வைத்துக் கொடுத்துவிட்டு, ஈரக் கையோடு வாணிக்குப் போன் போட்டார். அம்மா எப்போது வருகிறாள், ஒரு வார்த்தை கேட்டுச் சொல் என்றார். வாணி கேட்டுவிட்டு வந்தாள்.

"அப்பா, ரிலீவர் இன்னும் வரலன்னு சொல்லச் சொன்னாங்க. அம்மா கேரம் ஆடிக்கினு இருக்காங்க."