அழகர் இறங்கிய அன்று ஓர் அப்பார்ட்மெண்ட் வியாபாரம்

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரைக்காரன் எதையும் விலை பேசக் கூடாது. இது என் மண்டையில் ஏற இரண்டு சித்திரை தேவைப்பட்டது.

நாகமலை புதுக்கோட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நிர்வகிக்கும் உரிமை விலைக்கு வந்தது. தண்ணீர், லிஃப்ட், வாட்ச்மேன் எல்லாம் நம் பொறுப்பு. பதிலுக்கு மாதப் பராமரிப்புக் கட்டணமும், காலி ஃபிளாட்டுகளை நாள் வாடகைக்கு விட்டு வரும் கமிஷனும் நமக்கு. கீழ்த்தளத்தில் குடியிருக்க ஒரு வீடும் உண்டு. விற்றவர் என்னை அழகர் இறங்கும் அன்று காலையில் வரச் சொன்னார். போனேன். அப்படி ஓர் அமைதி! எந்தக் குழாயைத் திறந்தாலும் அருவி. குறை சொல்ல ஓர் ஆள் இல்லை. (இருந்தால்தானே சொல்வதற்கு? அம்புட்டுப் பேரும் வைகையில் நின்றார்கள்.) மதுரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது உறைக்கவே இல்லை. அங்கேயே பேசி முடித்துவிட்டேன்.

குடிபோன நாள் முதல் எங்கள் கதவைத் தட்டாத ஆளில்லை. நான் "பிளம்பரப் பாத்துட்டு வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நழுவிவிடுவேன். பதில் சொன்னதெல்லாம் என் மனைவி செல்விதான். அடுத்த சித்திரை நெருங்கியபோது அவள் சொன்னாள்:

"திருவிழா முடியுறதுக்குள்ள இத வித்துருங்க. இல்லேன்னா நான் சோழவந்தான்ல எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க லிஃப்டோட குடும்பம் நடத்துங்க."

சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் பரவாயில்லை. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். அவள் இல்லாத வீட்டில் நான் ஒரு நாள் தாங்க மாட்டேன்.

திருப்பூரில் கதிரேசன் என்றொருவர் வாங்கத் தயாராக இருந்தார். எனக்கு மூளை பொங்கி வழிந்தது. அவரையும் அழகர் இறங்கும் அன்றைக்கே, காலையிலேயே வரச் சொன்னேன்.

வெயில் ஏறியும் ஆளைக் காணோம். அதற்குள் ஆற்றுக்குப் போன எங்கள் குடியிருப்பு மொத்தமும் திரும்பிவிட்டது. அழகருக்குப் பீய்ச்சிய தண்ணீரில் நனைந்து, சேறும் மஞ்சளுமாக ஒரு வேனிலிருந்து இறங்கினார்கள். அதே வேனிலிருந்து, அதே கோலத்தில் கதிரேசனும் இறங்கினார்!

"ஆரப்பாளையத்துல பஸ் எறங்குனனுங்க. வந்தது வந்தாச்சு, சாமியக் கும்பிட்டுட்டே போலாமுன்னு ஆத்துக்குப் போயிட்டனுங்க. அங்க உங்க ஆளுகளே கெடச்சாங்க. மொதல்ல ஒரு குளியலப் போட்டுட்டுப் பேசலாமுங்களா?"

அவர் எங்கள் குளியலறைக்குள் நுழைந்த நேரம், நான்கு மாடியும் ஒன்றாகக் குளிக்கத் தொடங்கியது. தலைக்கு ஷாம்பு போட்டதும் குழாய் நின்றுவிட்டது. என் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல், சுவரைத் தடவித் தடவி ஹாலுக்கு வந்தார். வாசலில் பார்த்தால் பாதிக் குடியிருப்பு நுரைத் தலையோடு நிற்கிறது.

"என்னண்ணே, இன்னைக்குமா?"

நான் சட்டையைத் தேடினேன்.

"எங்கிட்டும் போகக் கூடாது. நில்லுங்க!" என்றாள் செல்வி. கீழ்த்தொட்டி மூடியைத் திறந்தாள். "நொரையோட நிக்கிறவுக மொதல்ல. ஆளுக்கு ரெண்டு வாளி. கத்துறவுகளுக்குக் கடைசி!"

சத்தம் அப்படியே அடங்கியது. முதல் வாளி கதிரேசனுக்குப் போனது. தூக்கிக்கொண்டு போனது நான்.

குளித்துவிட்டு வந்து அவர் உட்கார்ந்தார். வியாபாரம் போச்சு, செல்வியும் போச்சு என்று நினைத்தேன்.

"இத எடுத்துக்கறனுங்க" என்றார். "ஆனா அக்காதான் மேனேஜரா இருக்கோணும். சம்பளம் நான் தர்றனுங்க. அவிய இல்லீன்னா எனக்கு இந்த வம்பே வேண்டாமுங்க."

"அது சரிப்படாதுங்க, அவ சோழவந்தானுக்கு..." என்று இழுத்தேன்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் செல்வி. "இம்புட்டு நாளா இதே வேலையத்தான் ஓசியில பாத்தேன். சம்பளம் எம்புட்டு தருவீக, அதச் சொல்லுங்க."

இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். வாசல் பலகையில் அவள் பெயர். கல்யாண வீடுகளில் யாராவது, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டால் போதும், நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் முந்திக்கொள்வான்:

"மச்சானுக்கு என்ன கொறை? எங்கக்கா வேலைக்குன்னு குடுத்த வீட்டுல, அக்கா பாத்து இருக்க விட்டதால இருக்காரு."