எல்லா ஊரிலும் ஒன்றாம் நம்பர்

பம்பாயின் காலை லோக்கலில் கால் நீட்டி உட்கார்ந்து ஆபீஸ் போன ஒரே மனிதர் எங்கள் சீரம் சார்தான். அறுபதுகளில் மாட்டுங்கா லாட்ஜில் அவரோடு ஒரே அறையில் மூன்று வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், நம்பலாம்.

அவருடைய ஐஸ் பெட்டி கூட்டத்தில் யார் முழங்காலிலாவது இடிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த ஆள் முறைப்பார்: "இஸ்மே க்யா ஹை?" "கூன்" என்பார் சார். பொய் சொல்ல வராது அவருக்கு. ரத்தம் என்றதும் பெஞ்சே காலியாகிவிடும். அவர் பக்கத்தில் நானும் ஜம்மென்று உட்கார்ந்துகொள்வேன்.

பெட்டியில் இருந்தது நிஜமாகவே ரத்தம்தான். ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு வேலை. குரங்கிடமிருந்து உண்ணி வழியாக மனிதனுக்கு வரும் ஒரு காய்ச்சலைத் தேடி மலைக்காட்டுக் கிராமங்களுக்குப் போவார். அங்குள்ளவர்களின் ரத்தத்தைக் குழாய்களில் பிடித்து வருவார்.

"காய்ச்சல் வந்தவனே மறந்திருப்பான். ரத்தம் மறக்காது, ஓய்" என்பார். உறைந்த ரத்தத்தின் மேல் தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரைச் சோதித்தால் பழைய காய்ச்சல் தெரிந்துவிடுமாம். அந்த நீருக்குத்தான் சீரம் என்று பெயர். சாரின் சொந்தப் பெயர் லாட்ஜ் மானேஜருக்கே மறந்துபோயிருந்தது.

காட்டிலிருந்து திரும்பியதும், உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று எங்களைச் சோதிப்பார். காட்டுக்குப் போனவர் அவர். சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றவர்கள் நாங்கள்.

கிராமத்தார் லேசில் கை நீட்டமாட்டார்கள். அதனால் ஒவ்வோர் ஊரிலும் அவர்கள் பார்க்க முதல் ஊசியைத் தன் கையிலேயே குத்திக்கொள்வார். அந்தக் குழாய்க்கு ஒன்றாம் நம்பர். பிறகு இரண்டு வாக்குக் கொடுப்பார். யார் ரத்தத்தையும் ஒரு சொட்டுக்கூடக் கீழே கொட்டமாட்டேன். யாருக்குக் காய்ச்சல் வந்திருந்தது என்பதை நானே வந்து சொல்வேன்.

கொட்டாமல்தான் இருந்தார். வினை அதிலேதான் வந்தது.

ஒருநாள் பெரிய அதிகாரி குதித்தாராம். "ஒரு ஊர் பாக்கியில்லே! எல்லா ஊர்லயும் ஒண்ணாம் நம்பர் ஆளுக்குக் காய்ச்சல் வந்திருக்கு! வைரஸ் மலை முழுக்கப் பரவிடுத்து!" டில்லிக்கு அறிக்கையும் டைப் ஆகிவிட்டது.

"அது நான்தான் சார்."

"எந்த ஊர்ல?"

"எல்லா ஊர்லயும்."

டில்லிக்குப் போக இருந்த அறிக்கை குப்பைக்கூடைக்குப் போயிற்று. சாரைப் பாட்டில் கழுவ உட்கார்த்திவிட்டார்கள். இனிமேல் காட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று உத்தரவு.

லாட்ஜில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "போன வருஷம் மழைக்கு முன்னாடி ஃபாரஸ்ட் பங்களால பத்து நாள் படுத்துண்டிருந்தேனே, அதான் போலிருக்கு" என்று அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, "அங்கே இலுப்பை பூத்திருக்கும், ஓய்" என்பார். "வருவான்னு காத்திண்டிருப்பா. காய்ச்சல் வந்தவா லிஸ்ட் அலமாரில தூங்கறது" என்பார். சோறு பாதியில் நிற்கும்.

ஒரு மாதம் பொறுத்தார். பிறகு அந்தப் பட்டியலைத் தன் கையாலேயே நகல் எடுத்துக்கொண்டு, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். "வேலை போயிடும், சார்" என்றேன் ஸ்டேஷனில். "போனாப் போறது. சொல்றேன்னு சொல்லிட்டேனே" என்றார்.

வேலை போயிற்று. அவர் லாட்ஜுக்குத் திரும்பவில்லை. ஒரு கடிதம் மட்டும் வந்தது. ஊர் ஊராகப் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். கடைசி ஊரில் ஒரு விறகுவெட்டி, "உனக்கு?" என்று கேட்டானாம். "எனக்கும் வந்திருந்தது" என்றாராம். அவன் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்போ உன்னை யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்றானாம். 'இத்தனை நாளில் இதைக் கேட்ட முதல் ஆள் அவன்தான், ஓய்' என்று எழுதியிருந்தார்.

கடிதத்தில் முகவரி இல்லை. எத்தனையோ பேரிடம் விசாரித்தும் கிடைக்கவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால், பக்கத்துக் கட்டில்காரன் இப்போதாவது கேட்டான் என்று சொல்லுங்கள்: அந்தப் பத்து நாளும் ரொம்பக் கஷ்டப்பட்டீர்களா, சார்?