ஐந்து முனைக் கேக்

தகர அச்சைக் கவிழ்த்துத் தட்டியதும் கேக் தட்டில் விழுந்தது. கிரீடத்தின் ஐந்து முனைகள் மட்டும் அச்சுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டன.

"இன்னாய்யா இது, ராஜா மொட்டை அடிச்சிக்கினு வந்துட்டாரு?" என்றாள் இருதயமேரி.

"சும்மா இருமே. எனக்கே வவுறு எரியுது" என்றான் அவள் புருஷன் சவுரிராயன்.

எரியாமல் என்ன செய்யும்? திண்டிவனம் பயணியர் பங்களாவில் பத்து வருஷமாகச் சமைக்கிறான். வந்து தங்கும் வெள்ளைக்காரர்களெல்லாம் அவன் சுட்ட கேக்கைத் தின்று வாயைத் துடைத்துக்கொண்டு போனவர்கள்தான். ஒருவராவது கேக்குக்குக் கொம்பில்லை என்று குறை சொன்னதுண்டா?

அது 1936, கார்த்திகைக் கடைசி. லண்டனில் புது ராஜாவுக்கு வருகிற மே மாதம் பட்டாபிஷேகம். ஊரில் அதைக் கொண்டாட ஒரு கமிட்டி. அதற்குத் தலைவர் மிராசுதார் அரங்கநாதன்; பங்களாவை நடத்தும் ஜில்லா போர்டிலும் அவர் மெம்பர். இன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பங்களாவில் முதல் கூட்டம். சப்-கலெக்டர் துரையும் வருகிறார். ராவ் சாகிப் பட்டத்தின்மேல் கண்ணாயிருந்த மிராசுதார், மெட்ராசுக்கு ஆள் அனுப்பி வாங்கிய கிரீட அச்சைக் காலையில் கொண்டுவந்து நீட்டினார்.

"துரை உள்ளே நுழையறப்ப மேசை மேல கிரீடம் நிக்கணும்டா. நிக்கலைன்னா, கண்டமங்கலத்துல ஒருத்தன் இருக்கான், புதுச்சேரியில பெரிய குசினியில இருந்தவன். நாளைக்கே அவனைக் கொண்டாந்து வெச்சிடுவேன். நீயும் உன் பொண்டாட்டியும் பின்கட்டைக் காலி பண்ணிக்கினு கிளம்பிடுங்க."

கிளம்பினால் எங்கே போவது? மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கத்தான். அவன் அப்பன் தூக்கினான். நாற்பது வயசில் முதுகு வளைந்து, குனிந்தபடியே செத்தான்.

"நெய்யி பத்தலய்யா. அதான் ஒட்டிக்கினு வரமாட்டேங்குது" என்றாள் இருதயமேரி.

இரண்டாம் முறை நெய்யைத் தாராளமாக ஊற்றினான். மணல் பரப்பிய சட்டிக்குள் அச்சை வைத்து, மூடியின் மேல் தணலைக் கொட்டினான். நெய்யெல்லாம் அடியிலிருந்த முனைகளில் போய்த் தேங்கி, ஐந்தும் பக்கோடாவாகப் பொரிந்து கறுத்தன. தொட்டதும் உதிர்ந்தன.

"நல்லா உப்பணும்மே. அப்பத்தான் மொனை ரொம்பும்" என்று மூன்றாம் முறை மாவில் ஒரு சொம்பு கள்ளை ஊற்றினான்.

உப்பியது. உப்பிய வேகத்தில் மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. தணல் சரிந்து உள்ளே விழுந்தது. புகையும் கள்ளு நாற்றமும் கிளம்பிய நேரம் பார்த்து மிராசுதார் குசினி வாசலில் வந்து நின்றார்.

"என்னடா நாத்தம்?"

"கேக்குதாங்க எசமான்."

"ராஜா கிரீடத்துல கள்ளா? ராஜத் துரோகம்டா இது! கண்டமங்கலத்துக்கு இப்பவே ஆள் அனுப்பறேன்."

"மணி ரெண்டுதாங்க எசமான். நாலு மணிக்கு நிக்கும்."

"நிக்கலைன்னா நீ நிக்கமாட்டே" என்று அவர் குடையை உதறிக்கொண்டு போனார்.

சவுரிராயன் கரண்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தான்.

"ஒரு தலைக்கு அஞ்சு மொனை எதுக்குமே? எங்கப்பன் தலையில சும்மாடு இருந்துச்சு. அதுக்கு ஒரு மொனையாச்சும் இருந்துச்சா? ரெண்டு மூட்டை அசையாம நின்னுச்சு!"

"சும்மாட்டுக்கு யாருய்யா பட்டாபிஷேகம் பண்றாங்க? ஜல்தியா ஆவற வேலையப் பாரு."

மைதா தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது முதலில் விழுந்த மொட்டைக் கேக் ஒன்றுதான். இருதயமேரி ராத்திரிக் களிக்கு வைத்திருந்த கேப்பை மாவை முறத்தோடு கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"தொரைக்குக் கேப்பையா?"

"நம்ம வவுத்துல நிக்கிறது அவுரு தட்டுல நிக்காதா? பெசையுய்யா."

வெல்லம் போட்டுக் கெட்டியாகப் பிசைந்து ஐந்து முனைகள் பிடித்தான். சுட்டு எடுத்தபோது அவை செங்கல்லாக இருந்தன. ஈர்க்குச் செருகி மொட்டைக் கேக்கின்மேல் நட்டான். முட்டை வெள்ளையில் சர்க்கரையை அடித்து, கேப்பையின் நிறம் தெரியாமல் பூசினான். தட்டை ஆட்டிப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை.

"நிக்குதுமே!"

"பல்லு ஒடஞ்சா கமிட்டி பார்த்துக்கட்டும், தூக்கு" என்றாள் அவள்.

நாலு மணிக்குக் கால் மணி முன்னதாகவே, தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தான். மேசையில் விரிப்பு இல்லை. மிராசுதாரும் இல்லை. தாலுகா கச்சேரிச் சேவகன் முத்துசாமி மட்டும் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"யோவ், தொர வர்ற நேரத்துல நாற்காலிய ஏன்யா அடுக்கற?"

"கூட்டம் இல்லண்ணே. மிராசுதாரு தலையில கைய வெச்சிக்கினு வண்டியேறிட்டாரு."

"இது இன்னாய்யா அநியாயம்? காலையிலேருந்து நெருப்புல வெந்துக்கினு இருக்கேன். கண்ணத் தொறந்து பாரு, கிரீடம் எப்படி நிக்குதுன்னு!"

முத்துசாமி கடைசி நாற்காலியைத் தூக்கி மேலே வைத்தான்.

"அது நின்னு இன்னாண்ணே பண்றது? இப்பத்தான் தந்தி வந்துச்சு, கிரீடமே வேணாம்னு அந்த ராஜா வேலைய வுட்டு நின்னுட்டாராம்."