ஆடு இல்லாத ஆட்டுக்கறி

ஆய்வுக்கூடத்துக் குடுவையில் இறைச்சி வளர்க்கிறார்களாம். பத்திரிகையில் படித்துவிட்டுச் சிரித்தேன். ஆடு இல்லாமல் ஆட்டுக்கறி செய்யத் துணிந்த முதல் மனிதர் எங்கள் சோயா அண்ணாச்சிதான். தொண்ணூறுகளில், கல்கத்தாவின் காளிகாட்டுச் சந்து ஒன்றில், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு இறங்கினார். இந்த வேலைக்கு அவருக்கிருந்த ஒரே தகுதி, பிறந்ததிலிருந்து முட்டையைக்கூட வாயில் வைத்ததில்லை என்பது.

அண்ணாச்சி திருநெல்வேலிச் சைவப் பிள்ளை. குடும்பம் ஊரில். தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிற உத்தியோகம். ஒரு கரண்டி டீயைச் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாய்க்குள் உருட்டித் துப்பிவிட்டு, "மழைக்கு முன்னால பறிச்ச இலை" என்பார். சரியாகவும் இருந்து தொலைக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்தையும் இப்படி உறிஞ்சிவிட்டுத் துப்ப இடம் தேடினார். பெண் வீட்டார் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை, கூட்டிப்போனவன் நான் என்பதால். வங்காளம் சரளமாகப் பேசுவார். ஆனால் எந்த வாக்கியமானாலும் கடைசியில் ஒரு 'வே' ஒட்டிக்கொள்ளும்.

மாடியில் ஓர் அறையில் அவர், அடுத்ததில் மதுரைக்காரனான நான். கீழ்வீட்டில் பிஸ்வாஸ் அண்ணன், வங்காளத்தில் பிஸ்வாஸ்தா, ஓய்வுபெற்ற டிராம் கண்டக்டர், அண்ணாச்சியின் கேரம் கூட்டாளி. அவருக்கு அண்ணாச்சி 'பிள்ளைமோஷாய்', நம்மூர்ப் பிள்ளைவாள் மாதிரி. ஞாயிறு மதியம் உருளைக்கிழங்கு போட்ட ஆட்டுக்கறி இல்லையென்றால் பிஸ்வாஸ்தாவுக்கு அது ஞாயிறே இல்லை. அப்பேர்ப்பட்டவருக்கு மாரடைப்பு வந்தது. ஆட்டுக்கறியைத் தொட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். கறி இல்லாமல் பத்து வருஷம் இருப்பதற்குக் கறியோடு பத்து மாதம் போதும் என்றார் பிஸ்வாஸ்தா. சொன்னதோடு விடவில்லை, மறுவாரமே கோயில் பக்கத்து ஹோட்டலில் கையும் கறியுமாகப் பிடிபட்டார். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் பௌதி, அதாவது அண்ணி, மாடிக்கு வந்து அழுதார்.

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

"நாலு ஞாயித்துக்கெழம குடுங்க தாதா. ஆடு இல்லாம ஆட்டுக்கறி ஆக்கித் தாரேன். அது ஆகலேன்னா நானே கடைக்குப் போயி கறி வாங்கியாந்து ஒங்க தட்டுல வைக்கேன் வே." சொன்னது வங்காளத்தில். 'வே' மட்டும் நம்முடையது.

அன்றிரவே என்னைப் பிடித்துக்கொண்டு, கறி எப்படி இருக்கும் என்று கேட்டார். ஆட்டுக்கறி ஆட்டுக்கறி மாதிரி இருக்கும் என்றேன். "நாக்கக் குடுத்த சாமி ஒமக்கு வார்த்தையக் குடுக்கலியே வே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

முதல் ஞாயிறு சோயா உருண்டை. பிஸ்வாஸ்தா ஒன்றை வாயில் போட்டார். மென்றார். நானும் அண்ணாச்சியும் கேரத்தில் ஒரு ஆட்டம் முடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அதே உருண்டையைத்தான் மென்றுகொண்டிருந்தார். இரண்டாவது ஞாயிறு பலாக்காய். அதற்கு வங்காளிகள் 'மரத்து ஆடு' என்றே பெயர் வைத்திருப்பதால், பாதி வேலை முடிந்துவிட்டது என்று அண்ணாச்சி நம்பினார். பலாக்காய் பிரமாதம், ஆடு எங்கே என்று கேட்டார் பிஸ்வாஸ்தா. உறிஞ்ச எலும்பு இல்லையே என்றும் ஒரு குறை. உறிஞ்சுவது பற்றி அண்ணாச்சிக்கே பாடமா? மூன்றாவது வாரம் முருங்கைக்காய்த் துண்டுகளைக் குடைந்து, பட்டாணி விழுதைத் திணித்து, நல்லி எலும்பு என்று சோயாவோடு இறக்கினார். எலும்பு பாஸ், கறி ஃபெயில் என்று தீர்ப்பு வந்தது.

நாலாவது ஞாயிறு விடியலிலேயே ஸ்டவ் எரிந்தது. அதே முருங்கை எலும்பு, புதுப் பக்குவத்தில் சோயா. மதியம் பிஸ்வாஸ்தா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "மனசு பெரிய மனசு, பிள்ளைமோஷாய். ஆனா இது கறி இல்ல."

அண்ணாச்சி எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கோபத்தில் காற்று வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷம் கழித்து வாசலில் நின்ற பௌதி என்னைக் கூப்பிட்டார். சந்து முனைக் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை வரிசை நீண்டிருந்தது. அதன் நடுவில் அண்ணாச்சி. மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் கட்டி, கண்ணை இறுக மூடி, நெற்றியில் விபூதியோடு நின்றிருந்தார். பின்னால் நின்றவர் தள்ளத் தள்ள ஓர் அடி நகர்ந்தார். சந்தே வேடிக்கை பார்த்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வேகமாக நடக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்த பிஸ்வாஸ்தா, கழுவாத கையோடு போய் அவர் முழங்கையைப் பிடித்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"வீட்டுக்கு வாங்க. அந்த எலும்பு ஆறிப்போவுது."

"பந்தயம்னா பந்தயம். இன்னும் நாலு பேருதான் இருக்கு" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் திறக்காமலே.

"தோத்தது நான்தான். வாங்க."

அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஞாயிறு தவறாமல் சோயா. பிஸ்வாஸ்தா ஹோட்டல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நானும் ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை. ருசி எப்படி என்கிறீர்களா? சத்தியமாகச் சொல்கிறேன், வாயில் வைக்க விளங்காது.

அண்ணாச்சி ஓய்வுபெற்று ஊருக்கு ரயிலேறினார். அடுத்த ஞாயிறு பௌதியே சோயா சமைத்தார். கைப்பக்குவம் உள்ளவர், அருமையாக இருந்தது. பிஸ்வாஸ்தா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"இது அந்தக் கறி இல்ல வே" என்றார்.

நானும் தட்டைத் தள்ளிவைத்தேன்.