பாதிச் சரிவில் நின்ற டிராக்டர்

பாதிச் சரிவு ஏறியதும் டிராக்டர் இரண்டு தடவை இருமியது. பிறகு, இதற்கு மேல் என்னால் ஆகாது என்பது போல நின்றுவிட்டது.

"போச்சு," என்றார் நூலகர்.

பிரேக்கை அழுத்திக்கொண்டே மெல்லத் திரும்பினார். பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தார், கழுத்து கேட்கவில்லை. மறுவாழ்வு இல்லத்தின் கீழ்த்தள ஜன்னலில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முன்னால் ஒரு வண்டி நின்றுபோவதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு இல்லை. இருபத்தாறு வருடம் வண்டிப் பட்டறை நடத்தியவள். லாரிக்காரர்கள் முதல் ஸ்கூட்டர்க்காரர்கள் வரை எல்லாருக்கும் அவள் "மேஸ்திரி". வீட்டில் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். அவரோ முப்பது வருடம் நூலகத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். புத்தகத்தைத் தவிர வேறு எதையும் திறந்து பார்த்ததில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், ஸ்பேனரை எடுக்கக் கையை நீட்டியவள் அப்படியே சரிந்தாள். பேச்சும் போயிற்று, வலது கையும் போயிற்று. "பேச்சு கொஞ்சம் கொஞ்சமா வரும். கை விஷயம்... பார்ப்போம்," என்றார் டாக்டர். அந்தப் "பார்ப்போ"மை நூலகர் ஒரு நாளைக்குப் பத்து விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்ப்பார். எந்த விதத்தில் சொன்னாலும் அது நன்றாக இல்லை.

இல்லத்தில் பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஐந்து.

"ஒரு மணி நேரம் போதாதா சார்?" என்று கேட்டார் மேலாளர்.

"முப்பத்தி நாலு வருஷம் ஒரே வீட்டுல இருந்தும் எனக்குப் போதல," என்றார் நூலகர்.

மறுவாரமே வாசலில் ஒரு அறிவிப்பு தொங்கியது: புல்வெளிச் சரிவைப் பராமரிக்க ஆள் தேவை. நூலகர் போய் நின்றார்.

"டிராக்டர் ஓட்டத் தெரியுமா?"

"நான் மேஸ்திரியோட புருஷன் சார்."

அது பொய்யில்லை. பதிலும் இல்லை. ஆனால் வேலை கிடைத்துவிட்டது. சின்ன டிராக்டர், அடியில் புல் வெட்டும் பிளேடு. காலையிலிருந்து சாயங்காலம் வரை மனைவியின் கண்ணெதிரே மேலும் கீழும் போய்வரலாம். முதல் மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அப்புறம்தான் வண்டிக்கு என்னவோ வந்தது. சமதளத்தில் சமர்த்தாக ஓடும். மேடு ஏற ஆரம்பித்ததும் மூச்சு வாங்கும். முதல் நாள் உச்சிக்குப் பத்தடி கீழே நின்றது. பத்து நிமிஷம் கழித்து, ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி ஸ்டார்ட் ஆனது.

மேலாளர் வந்து பார்த்தார். "டேங்க்ல டீசல் கம்மியா இருக்கும் சார். மேடு ஏறும்போது எல்லாம் பின்னாடி போயிடும். ஃபுல்லா ஊத்துங்க."

நியாயமாகப் பட்டது. வாய் வரைக்கும் ஊற்றினார். அடுத்த நாள் வண்டி உச்சிக்கு இருபதடி கீழே நின்றது.

நூலகர் தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தார். வண்டியோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஃபில்டர் அடைத்தால் டீசல் வராது என்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. புது ஃபில்டர் வாங்கி, கையேட்டை மடியில் விரித்துவைத்துக்கொண்டு மாட்டினார். எல்லாம் மாட்டி முடித்தபோது உள்ளங்கையில் ஒரு ரப்பர் வளையம் மிச்சமிருந்தது.

அன்று நாலு மணிக்கு அதை மனைவியிடம் காட்டினார்.

"இது ரொம்ப முக்கியமா மேஸ்திரி?"

அவள் வளையத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"முக்கியம்தான் போல," என்று எழுந்து ஓடினார். அதற்குள் டிராக்டருக்கு அடியில் டீசல் குளம் கட்டியிருந்தது.

வளையத்தைப் போட்ட பிறகும் வண்டி திருந்தவில்லை. நாளுக்கு நாள் இன்னும் கீழேயே நின்றது. இரண்டாவது வாரம் அது நிற்கும் இடம் சரியாக மனைவியின் ஜன்னலுக்கு நேர் எதிரே வந்துவிட்டது. இப்போது பத்து நிமிஷம் போதவில்லை. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த அரை மணி நேரமும் நூலகர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காலையில் தோசைக்கல்லில் கையைச் சுட்டுக்கொண்டது, எதிர்வீட்டுக்காரர் பூனை வளர்க்க ஆரம்பித்தது, எல்லாவற்றையும் சொல்வார். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவளுக்குப் பின்னால், அவளைக் கவனித்துக்கொள்ளும் வார்டு அக்கா போர்வையை மடித்தபடி, எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இருப்பாள்.

மேலாளர்தான் சிரிக்கவில்லை.

"சார், வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நிர்வாகக் குழு வருது. புல் முழங்கால் உயரம் நிக்குது. அதுக்குள்ள முடியலைன்னா நான் வெளியாளுங்களைக் கூப்பிட வேண்டி வரும். தப்பா எடுத்துக்காதீங்க."

"அப்ப நான்?"

"நாலுலேருந்து அஞ்சு வரைக்கும் வாங்க சார். யார் வேண்டாம்னா?"

இதை மனைவியிடம் அவர் சொல்லவில்லை. புதன்கிழமை ஜன்னலுக்கு எதிரே வண்டி நின்றபோது ஜன்னல் பக்கமே போகாமல், ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மூ... டி."

நூலகர் நிமிர்ந்தார். சுற்றிலும் பார்த்தார். வார்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மூடி," என்றாள் மனைவி மறுபடியும்.

நான்கு மாதத்தில் முதல் வார்த்தை! நூலகர் டிராக்டரிலிருந்து இறங்கவில்லை, விழுந்தார். ஓடிவந்து கம்பிக்குள் கையை விட்டு அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பேசிட்டா! மேஸ்திரி பேசிட்டா! என்னம்மா, இன்னொரு தடவை சொல்லு!"

"மூடி... மூடி..." அவள் இடது கையால் டிராக்டரைக் காட்டினாள்.

"டேங்க் மூடியா? சரி, சரி! இதோ பாக்கறேன்!"

அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். சந்தோஷத்தில் இருக்கும் மனுஷனுக்கு எல்லாத் தலையாட்டலும் ஆமாம் மாதிரிதான் தெரியும். மூடி இறுக்கமாக இருந்தால் காற்று உள்ளே போகாது, காற்று போகாவிட்டால் டீசல் வெளியே வராது என்று கையேட்டிலும் இருந்தது. மூடியை நன்றாகத் தளர்த்தினார். அரை மணி நேரம் கழித்து மேடு ஏறினார். மூடி கழன்று உருண்டது. டீசல் அவர் முழுக்கால் சட்டையை நனைத்து, புல்லில் ஒரு நீளக் கோடு போட்டது.

வியாழக்கிழமை இரண்டாவது வார்த்தை வந்தது.

"தி... ற."

"திறக்கணுமா? எதை?"

"திற!"

மேலே திறந்தது தப்பென்றால் கீழேதான் திறக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார் நூலகர். வண்டிக்கு அடியில் படுத்து, டேங்கைக் காலி பண்ணுவதற்கென்றே இருக்கும் அடித் திருகாணியைக் கழற்றினார். இருந்த டீசல் முழுவதும் அவர் மார்பின் மேல் இறங்கியது. ஜன்னலிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பதறி எட்டிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வர அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு டேங்க் டீசலில்கூடக் குளிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. திருகாணியை இறுக்கி, டேங்கை நிரப்பி, வண்டியைக் கிளப்பினார். சரிவின் அடிவாரத்தைத்தான் தொட்டிருக்கும், நின்றுவிட்டது. அரை மணி நேரம் காத்திருந்தும் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்த மேலாளர் போனை வெளியே எடுத்தார்.

"சார், என்னை மன்னிச்சிடுங்க. வேற வழி தெரியலை."

நூலகர் தலையாட்டினார். சாவியை எடுத்துக் கொடுக்கப் போனார்.

"ஏங்க!"

கிட்டத்தட்டப் பழைய குரல். பட்டறைச் சத்தத்தையெல்லாம் தாண்டி வரும் அதே குரல். மேலாளரின் கை அப்படியே நின்றது.

"மூடி!" என்றாள் மேஸ்திரி.

நூலகரின் கை டேங்க் மூடிக்குப் போயிற்று. அவள் இடது உள்ளங்கையால் ஜன்னல் விளிம்பில் ஓங்கித் தட்டினாள்.

"கீழ! மூடி... இருக்கு!"

அவர் அப்படியே நின்றார். மூடி இல்லை. மூடியிருக்கு. முப்பது வருடம் எழுத்துகளுக்கு நடுவே இருந்தவருக்கு, மூன்று நாளாக ஒரு வார்த்தை விளங்கவில்லை! டேங்குக்கு அடியில் குனிந்து பார்த்தார். டீசல் கீழே இறங்கும் குழாயில், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு சிவப்புக் குமிழ். திருகிப் பார்த்தார். இறுக மூடியிருந்தது.

"இதைத் திறக்கணுமா மேஸ்திரி?"

"ம்!" என்றாள் அவள்.

திறந்தார். கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட் பண்ணினார். வண்டி புகையைக் கக்கிவிட்டு, வெறிபிடித்த மாதிரி மேடு ஏறியது. பதினோரு மணிக்குக் குழு வந்தபோது சரிவு முழுவதும் ஒரே சீராக, பச்சையாக இருந்தது; டீசல் போட்ட கோட்டை மட்டும் "நடைபாதைக்கு அளவு எடுத்திருக்கோம்," என்று மேலாளர் சமாளித்தார்.

குழு போன பிறகு மேலாளர் நேராக ஜன்னலருகே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"சார், அது தானா மூடிக்கிற சாமான் இல்லை. ரெண்டு வாரமா யாரோ வேணும்னே திருகியிருக்காங்க. யாருன்னு தெரியட்டும், இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பறேன்."

"எனக்கு யார் மேல என்ன பகை?" நூலகருக்கும் கோபம் வந்துவிட்டது. "வயசான காலத்துல பொண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். இதுகூடப் பொறுக்கலையா? எந்தப் பாவி பண்ணின வேலை இது?"

மேஸ்திரி மும்முரமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டு அக்காதான் போர்வையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"அம்மாதான் சார். பயிற்சிக்குக் கொடுத்த பந்தைத் தொடவே மாட்டேன்னு அடம் பிடிச்சாங்க, நீங்க வர்றதுக்கு முன்னாடி டிராக்டர் ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிக் கை காட்டினாங்க. மொத நாள் அந்த வலது கை குமிழ் மேல நிக்கக்கூட இல்ல, அப்புறம் தினமும் மயிரிழை மயிரிழையாத் திருகித் திருகி, இன்னைக்குக் காலையில முழுசா மூடிட்டாங்க!"