அத்தை ஏறிய பெட்டி எந்த வகை

ரயில் பாதைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ரயிலைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ரயில்வேயில் வேலை செய்கிற யாரிடமும் அந்த நம்பிக்கையை நான் பார்த்ததில்லை. பாதைக்குப் பக்கத்தில் வளர்ந்த எங்களிடம்தான் அது இருக்கிறது. என்னிடம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அதன் பலனாக, கல்யாணத்துக்கு முன்பே மாமியாரைக் கூட்ஸ் கோச்சியில் (சரக்கு ரயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஏற்றி அனுப்பியவள் என்ற பெயர் இலங்கை மலையகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் இருக்கிறது. (வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். சேர்ந்து அழலாம்.)

எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் இடையில், பாதைக்கு நேர் மேலே இருக்கிறது. எங்கள் ஒற்றை அறையான காம்பராவின் வாசலில் நின்றால் கோச்சியின் கூரை தெரியும். சின்ன வயதிலேயே கூட்ஸ் பெட்டிகளை வகை பிரித்து வைத்திருந்தேன். கூரையும் கதவும் இருந்தால் மூடுபெட்டி, மாவும் சீமெந்தும் அதில் போகும். கூரை இல்லாவிட்டால் திறந்த பெட்டி, கல்லும் மண்ணும் போகும். சுவரும் இல்லாவிட்டால் தட்டுப் பெட்டி. உருளையாக இருந்தால் எண்ணெய்ப் பெட்டி. கடைசியில் கார்டு நிற்பது கார்டு பெட்டி. அவ்வளவுதான் உலகம். பிறகு நான் விஞ்ஞான டீச்சர் ஆனேன். மற்ற டீச்சர்கள் இலைகளையும் பூச்சிகளையும் காட்டி வகைப்படுத்தல் பாடம் நடத்தினார்கள். நான் கூட்ஸ் கோச்சியை வைத்து நடத்தினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அங்கேதான் என் தலைக்கனம் முற்றியது.

எனக்குப் பேசியிருந்த மோகன் கினிகத்தேனைக்காரர். அவருடைய அம்மா அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கணவர் போன பிறகு தனியாக நின்று அந்தக் கடையைத் தூக்கி நிறுத்தியவர். தோட்டத்துப் பெண் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. "பாப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனதைப் பிடிக்கவேண்டும் என்று முதல் தடவை கடைக்குப் போனபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருடைய கடையிலேயே நின்று, ஆணிகளில் எத்தனை வகை இருக்கிறது என்று அவருக்கே விளக்கினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

அப்புறம் ப்ரீ-ஷூட் வந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஜோடியாக நின்று படம் எடுக்காவிட்டால் இப்போதெல்லாம் கல்யாணம் செல்லாது. எல்லாரும் தேயிலைச் செடிக்குள்ளும் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்திலும் நிற்கிறார்களே, நாம் வித்தியாசமாகப் பழைய கூட்ஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்போம் என்று யோசனை சொன்னவள் நான்தான். எங்கள் பக்கத்து ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு துணைப் பாதையில் சில பெட்டிகள் நின்றன. (ஸ்டேஷனின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே இருந்தவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. பிளாட்பாரத்தில் மட்டும் படம் எடுங்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள் என்றுதான் ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். நான்தான் போனேன்.)

கல்யாணத்துக்கு முன்னால் தனியாகப் படமா என்று வருங்கால மாமியாரான அத்தையும் கூட வந்துவிட்டார். நல்ல பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. ஆனால் கினிகத்தேனையிலிருந்து வரும் வழியில் உள்ள வளைவுகள் அவரை ஒரு வழி பண்ணிவிட்டன. வேனிலிருந்து இறங்கும்போதே முகம் வெளுத்திருந்தது.

"எங்கயாச்சும் கொஞ்சம் சாஞ்சா போதும் மோகன். தல சுத்துது" என்றார்.

தூறலும் மூட்டமும். வேன்காரர் பெட்ரோல் அடிக்கப் போய்விட்டார். மருமகளின் திறமையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? கல் ஏற்றும் திறந்த பெட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றின் கடைசியில் கூரை போட்ட ஒரு பெட்டி, கதவு பாதி திறந்து, ஏறுவதற்கு ஏணியோடு நின்றது.

"அத்தை, இதுக்குள்ள சாஞ்சுக்கங்க. இது மூடுபெட்டி. முன்னாடி மாவு ஏத்துனது. இப்ப மாவெல்லாம் லொறியில போகுதுல்ல, அதான் கண்டம் பண்ணி இங்க போட்டுட்டாங்க."

அத்தை பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். "இது போயிறாதே?"

"போகாது அத்தை. இங்க பாருங்க, சாக்கட்டியால பெருக்கல் குறி போட்டிருக்காங்க. கழிச்ச பெட்டிக்குத்தான் இத போடுவாங்க. இது நிக்கிற பெட்டி."

பெருக்கல் குறிக்கு அந்த அர்த்தம் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. வாசலில் நின்று நானே கண்டுபிடித்தது.

மோகன் கை கொடுத்து அம்மாவை ஏற்றிவிட்டார். உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "உள்ள பாயி இருக்கு. கேத்தல் இருக்கு. அலவாங்கு, மம்பட்டியெல்லாம் இருக்கேம்மா."

கெட்டிலும் கடப்பாரையும் என்று கேட்ட இந்த இடத்தில் மூளை உள்ள யாரும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை, விளக்கம் சொன்னேன். "சும்மா கெடக்குற பெட்டிதானே அத்தை, யாராச்சும் சாமான் போட்டு வச்சிருப்பாங்க." சொல்லிவிட்டு, குளிர்காற்று படாமல் இருக்கட்டும் என்று கதவையும் இழுத்துச் சாத்தினேன். அதைச் செய்தது இந்தக் கைதான்.

படம் எடுக்க வந்த பிரதீப், மோகனின் கூட்டாளி. கல் பெட்டிகளுக்கு முன்னால், கொஞ்சம் தள்ளி எங்களை நிறுத்தினார். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். பெட்டிகளின் மறுமுனை ஒரு வளைவுக்குள் மூட்டத்தில் மறைந்திருந்தது. அந்தப் பக்கம் டங் என்று ஒரு சத்தம் கேட்டது.

"ஸ்டேஷன்ல ஏதோ எறக்குறாங்க" என்றேன். (அதற்கும் பதில் வைத்திருந்தேன்.)

பிரதீப் உற்சாகமாகிவிட்டார். "அப்பிடியே நில்லுங்க. அசையாதீங்க. பின்னுக்கு பெட்டியெல்லாம் நகருது, நல்லா வருது. சிரிங்க, சிரிங்க."

சிரித்தோம். எங்கள் கல்யாண ஆல்பத்தில் இருப்பதிலேயே நல்ல சிரிப்பு அதுதான். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த மோகனின் பார்வை மெதுவாக என் தோளைத் தாண்டிப் போனது. சிரிப்பு முகத்திலேயே இருந்தது, நிறம் மட்டும் போய்விட்டது.

"சுகந்தி" என்றார். "அம்மா போறாங்க."

திரும்பிப் பார்த்தேன். பெருக்கல் குறி போட்ட பெட்டி, கதவு சாத்தியபடி, எங்களை மெதுவாகக் கடந்து மூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கணம் எனக்குக் கத்தத் தோன்றவில்லை, ஓடத் தோன்றவில்லை. இது போகாத பெட்டியாயிற்றே என்றுதான் தோன்றியது. பெட்டிதான் தப்புச் செய்கிறது என்பது போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மோகனின் போன் அடித்தது. அத்தை.

"மோகன், இது ஆடுதுடா."

நான் போனை வாங்கினேன். "அத்தை, பயப்படாதீங்க. கோச்சி போகுது."

"நிக்கிற பெட்டின்னியேம்மா."

"ஆமா அத்தை." இதற்குமேல் ஒரு விஞ்ஞான டீச்சர் என்ன சொல்வது? "கதவ தொறக்காதீங்க அத்தை. விழுந்துருவீங்க. யாரு கூப்பிட்டாலும் தொறக்காதீங்க. நாங்க வர்றோம்."

ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் கோச்சி சுரங்கத்துக்குள் போய்விட்டது போலிருக்கிறது, போன் செத்துவிட்டது.

கூறைச் சேலை மாதிரி ஒரு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஸ்டேஷன் மாஸ்டர் நிதானமான சிங்கள மனிதர். மாமியாரைச் சாமான் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டோம் என்று சிங்களத்தில் சொன்னேன். பதற்றத்தில் அது ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலம் போலவே வந்தது. அவர் என் சேலையைப் பார்த்தார், மோகனின் கோட்டைப் பார்த்தார், எழுந்து நின்றுவிட்டார்.

"அடுத்த ஸ்டேஷனில் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறேன். எந்த வகைப் பெட்டி?" என்று கேட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ என்னிடம் அதைக் கேட்கிறார்கள். அந்தக் கலவரத்திலும் எனக்கு ஒரு சின்னப் பெருமை வந்தது என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. "மூடுபெட்டி. மாவு ஏற்றும் பழைய மூடுபெட்டி. சந்தேகமே இல்லை" என்றேன்.

அவர் அப்படியே போனில் சொன்னார். காத்திருந்தோம். மோகன் நகத்தைக் கடித்தார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. கோச்சியை நிறுத்திப் பார்த்தார்களாம். அதில் மாவு ஏற்றும் மூடுபெட்டி எதுவும் கிடையாதாம். கல் பெட்டிகளின்மேல் ஏறியும் பார்த்தார்களாம், எந்தப் பெண்ணும் இல்லையாம். கோச்சியை விட்டுவிட்டார்களாம்.

மோகன் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அத்தை கதவைத் திறந்து எங்கேயோ விழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். அந்தப் பாதையில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம்.

ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் யோசித்தார். "அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது மிஸ்?"

"பாய். கேத்தல். அலவாங்கு. மம்பட்டி."

அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அது சாமான் பெட்டியே இல்லை. பாதை வேலைக்காரர்களின் பெட்டி. கல் ரயிலோடு சேர்ந்தே போகும். அவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், வந்ததும் முன்னால் இன்ஜின் பக்கம் ஏறியிருப்பார்கள்."

"ஆனால் பெருக்கல் குறி?"

"இன்றைக்கு எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று காலையில் போட்டது."

என் பட்டியலில் அப்படி ஒரு வகையே இல்லை. பெட்டியை வெளியிலிருந்து பார்த்து வகை பிரித்தவளுக்கு, ஆட்கள் குடியிருக்கும் பெட்டி எப்படித் தெரியும்? அத்தை அதற்குள்ளேயே இருந்திருக்கிறார். கோச்சியை நிறுத்திப் பார்த்த ஸ்டேஷனில் ஆட்கள் வெளியே சிங்களத்தில் கூப்பிட்டுக்கொண்டு போனதும் அவருக்குக் கேட்டிருக்கிறது. யார் கூப்பிட்டாலும் திறக்காதே என்று மருமகள் சொன்னாளே என்று மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாராம். என் பேச்சை அவர் கேட்டது அதுதான் கடைசித் தடவை.

பெட்ரோல் அடித்துத் திரும்பிய வேனில் விரட்டினோம். பாதை நேராகப் போகும் இடத்தில் றோட்டு மலையைச் சுற்றிக்கொண்டு போனது. மோகன் முன்சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரதீப் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தார், மோகனின் முகத்தைப் பார்த்ததும் கேமராவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். கல்யாணம் அவ்வளவுதான், ஸ்கூலில் எல்லாரிடமும் சொன்னதை மாற்றிச் சொல்லவேண்டும், மோகன் வாங்கித் தந்த நெக்லஸைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நான் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அதற்கடுத்த ஸ்டேஷனில் கல் ரயில் நின்றுகொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் வேலைக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக அத்தை, ஒரு தகரக் கோப்பையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். மடியில் ரொட்டியும் கட்டச் சம்பலும். கடையில் பழகிய சிங்களத்தில் அவர்களோடு அலவாங்கின் விலை பேசிக்கொண்டிருந்தார். முகத்தில் நல்ல நிறம். கொஞ்சம் தள்ளி ஒருவர் மட்டும் தூணில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அலவாங்கு எடுக்கக் கதவைத் திறந்தவர் அவர்தான். இருட்டுப் பெட்டிக்குள் பூ வைத்த ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்து தன்னைப் பார்த்ததும், ஏணியிலிருந்து அப்படியே பின்னால் விழுந்தாராம்.

மோகன் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சேலையெல்லாம் சேறு" என்றார். அவ்வளவுதான்.

பிறகு எல்லாரும் வேனில் எங்கள் வீட்டுக்கு வந்தோம். அப்பாவும் அம்மாவும் விஷயம் கேள்விப்பட்டு லயத்து வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கையைக் கூப்பிக்கொண்டே வந்தார். "தப்பாயிருச்சுங்க. புள்ள தெரியாம..."

அத்தை அவரைக் கையால் நிறுத்தினார். "அதத்தாங்க நானும் சொல்ல வந்தேன். ஒங்க புள்ளைக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சி நா பயந்துகிட்டு இருந்தேன். என் கடைக்கே வந்து எனக்கு ஆணி பத்தி பாடம் நடத்துச்சு. இது வீட்டுக்கு வந்தா நா வாய தொறக்க முடியுமான்னு இருந்திச்சி." என் பக்கம் திரும்பினார். "இப்ப அந்தப் பயம் போயிருச்சு. நாள் பாருங்க."

அம்மா அழுதுவிட்டார். படத்துக்குச் சிரித்த பிறகு மோகன் அப்போதுதான் சிரித்தார். எனக்கு அது பாராட்டா, தண்டனையா என்று அன்றைக்குப் புரியவில்லை. அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது. ஆணி பற்றி அதற்குப் பிறகு நான் பேசியதில்லை.

அத்தைதான் பேசினார், பெட்டியைப் பற்றி. கதை கினிகத்தேனையிலிருந்து உடப்புசல்லாவை வரை எல்லாச் சொந்தத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கதிரையைக் காட்டி, "ஒக்காருங்க டீச்சர், இது நிக்கிற வகைதான்" என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

போன வருடம் அத்தையை முழங்கால் வலிக்காக நுவரெலியாவுக்கு வைத்தியரிடம் கூட்டிப்போனோம். நடக்கவேண்டாம் என்று ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலி கொண்டுவந்தார். அத்தை உட்கார்ந்துகொண்டு, வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டார்.

"சுகந்தி, இது என்னா வகை? நிக்குமா, போகுமா?"

"போகும் அத்தை" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "சக்கரம் இருக்குல்ல."

அத்தை ஊழியரின் பக்கம் திரும்பினார். "போகும்னு சொல்லிட்டா தம்பி. இனி நீங்க என்னா தள்ளுனாலும் நகராது."

அவர் சிரித்துக்கொண்டே தள்ளினார். நாற்காலி நகரவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினார். அப்போதும் நகரவில்லை. பிரேக் போட்டிருந்ததை அவர் குனிந்து பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள், முழங்கால் வலியை மறந்து அத்தை சிரித்த சிரிப்பில், உள்ளேயிருந்த வைத்தியரே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.